எல்லாக் காலத்துக்குமான வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் அணி: தொடக்க ஜோடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடு வரிசையில் சண்டையே இல்லையே, தொடக்க இடத்துக்கு மட்டும் ஏன் இத்தனை தகராறு?

மூன்றாவதில் ஜார்ஜ் ஹெட்லி, நான்காவதில் விவியன் ரிச்சர்ட்ஸ், ஐந்தாவதில் பிரையன் லாரா, ஆறாவதில் கேரி சோபர்ஸ். இந்த நான்கு பேரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். வீக்ஸ், வால்காட், வொரல் மூவரும் வெளியே நிற்கிறார்களே என்ற வருத்தம் இருக்கும், ஆனால் அந்த நால்வரும் அங்கே இருப்பதில் பெரிய மறுப்பு வராது. நால்வரின் டெஸ்ட் சராசரியும் (மொத்த ஓட்டத்தை ஆட்டமிழந்த எண்ணிக்கையால் வகுத்தது) 50-க்கு மேல். ஹெட்லிக்கு 60.83.

தொடக்க இடத்தில் நிலைமை வேறு. 50-ஐத் தொட்ட நிரந்தரத் தொடக்க ஆட்டக்காரர் வெஸ்ட் இண்டீஸுக்கு வாய்த்ததில்லை. முன்னணியில் நிற்கும் எல்லோரும் 42-க்கும் 46-க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நான்கு ஓட்ட வித்தியாசத்துக்குள் ஏழு பேர். அதனால் சராசரியை மட்டும் வைத்து முடிவெடுக்கவே முடியாது. வேறு அளவுகோல்கள் வேண்டும்.

போட்டியில் இருப்பவர்கள் யார் யார்?

டெஸ்ட் கணக்கு மட்டும்:

கார்டன் கிரினிட்ஜ்: 108 டெஸ்ட், 185 இன்னிங்ஸ், 7558 ஓட்டம், சராசரி 44.72, 19 சதம்.
டெஸ்மண்ட் ஹெய்ன்ஸ்: 116 டெஸ்ட், 202 இன்னிங்ஸ், 7487 ஓட்டம், சராசரி 42.29, 18 சதம்.
கிறிஸ் கெயில்: 103 டெஸ்ட், 182 இன்னிங்ஸ், 7214 ஓட்டம், சராசரி 42.18, 15 சதம்.
ராய் ஃபிரெடரிக்ஸ்: 59 டெஸ்ட், 109 இன்னிங்ஸ், 4334 ஓட்டம், சராசரி 42.49, 8 சதம்.
கான்ராட் ஹண்ட்: 44 டெஸ்ட், 78 இன்னிங்ஸ், 3245 ஓட்டம், சராசரி 45.06, 8 சதம்.
ஜெஃப் ஸ்டோல்மேயர்: 32 டெஸ்ட், 56 இன்னிங்ஸ், 2159 ஓட்டம், சராசரி 42.33, 4 சதம்.
ஆலன் ரே: 15 டெஸ்ட், 24 இன்னிங்ஸ், 1016 ஓட்டம், சராசரி 46.18, 4 சதம்.

இவர்களுக்கு முன்னால் கிளிஃபோர்ட் ரோச்சைச் சொல்லாமல் விடக்கூடாது. வெஸ்ட் இண்டீஸின் முதல் டெஸ்ட் சதம் அவருடையது: 1930-இல் பிரிட்ஜ்டவுனில் 122. முதல் இரட்டைச் சதமும் அவருடையதே, அதே தொடரில் ஜார்ஜ்டவுனில் 209. ஆனால் 16 டெஸ்டில் சராசரி 30.70. வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு, இந்த அணியில் இல்லை.

சராசரியில் ரே முதலிடத்தில் இருக்கிறார். அப்படியானால் அவர்தானே?

இந்தத் தேர்வில் எல்லோரும் முதலில் வழுக்கி விழும் இடம் இதுதான். 24 இன்னிங்ஸ் என்பது இரண்டு, மூன்று தொடர்களின் நல்ல ஃபார்ம். கிரினிட்ஜின் 185 இன்னிங்ஸில் அப்படிப்பட்ட நல்ல காலமும் இருக்கிறது, 1975 பிரிஸ்பேன் டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம் எடுத்த கெட்ட காலமும் இருக்கிறது. ரேவுக்கு அந்தக் கெட்ட காலத்தைப் பார்க்கும் அளவு டெஸ்ட் கிடைக்கவில்லை.

ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒவ்வொருவரின் மிகப் பெரிய இன்னிங்ஸை மட்டும் எடுத்துவிட்டுச் சராசரியை மறுபடி போட்டுப் பாருங்கள். எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பதிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும், அதை மறந்தால் கணக்கு தப்பும். கிரினிட்ஜின் 226-ஐ எடுத்தால் 44.72 என்பது 43.64 ஆகிறது. ஹெய்ன்ஸ் 41.49, ஃபிரெடரிக்ஸ் 41.24. ரே 43.19-க்கு இறங்குகிறார். ஹண்டுக்கு 260-ஐக் கழித்தால் 42.04, அதாவது மூன்று ஓட்டம் சரிவு. கெயிலுக்கு 333-ஐக் கழித்தால் 40.48, 317-ஐயும் சேர்த்துக் கழித்தால் 38.84.

பெரிய இன்னிங்ஸ் ஆடியது குற்றமா என்று கேட்கலாம். இல்லை. ஆனால் சராசரி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள இந்தச் சோதனை உதவும். கிரினிட்ஜின் சராசரி ஒரு தூணில் நிற்கவில்லை.

நாட் அவுட் கணக்கை எப்படிப் பார்ப்பது?

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. 1980-களில் வெஸ்ட் இண்டீஸ் அடிக்கடி 20, 30, 70 ஓட்டம் என்று சின்ன இலக்கைத் துரத்தி 10 விக்கெட்டில் ஜெயித்தது. மார்ஷலும் கார்னரும் ஹோல்டிங்கும் எதிரணியைச் சுருட்டிவிடுவார்கள்; தொடக்க ஜோடி இறங்கி 12 நாட் அவுட், 15 நாட் அவுட் என்று முடித்துவிட்டு வரும். அந்த ஓட்டங்களுக்கு விலை இல்லை, சராசரி மட்டும் ஏறும். ஹெய்ன்ஸுக்கு 25 நாட் அவுட், கிரினிட்ஜுக்கு 16, ஹண்டுக்கு 6.

அதனால் மொத்த ஓட்டத்தை மொத்த இன்னிங்ஸால் வகுத்தும் பாருங்கள். கிரினிட்ஜ் 40.9, ஹண்ட் 41.6, ஃபிரெடரிக்ஸ் 39.8, கெயில் 39.6, ஹெய்ன்ஸ் 37.1. இங்கே ஹெய்ன்ஸ் பின்னுக்குப் போகிறார். ஆனால் இந்தக் கணக்கும் முழு நியாயம் அல்ல. ஹெய்ன்ஸின் நாட் அவுட்களில் மூன்று வேறு ரகம். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

எத்தனை இன்னிங்ஸுக்கு ஒரு சதம் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கிரினிட்ஜுக்கு 9.7, ஹண்டுக்கு 9.8, ஹெய்ன்ஸுக்கு 11.2, கெயிலுக்கு 12.1, ஃபிரெடரிக்ஸுக்கு 13.6.

முதல் இடம் கிரினிட்ஜுக்கு என்பதில் சந்தேகமே இல்லையா?

எங்களுக்கு இல்லை. மூன்று இன்னிங்ஸ் போதும்.

1974 நவம்பர், பெங்களூரு. முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 93-இல் ரன் அவுட், இரண்டாவதில் 107. சுழலுக்குப் பேர்போன அணிக்கு எதிராக, அவர்கள் மண்ணில், அறிமுக ஆட்டத்தில்.

1976, ஓல்ட் டிராஃபோர்ட். வெஸ்ட் இண்டீஸ் 26 ஓட்டத்துக்கு 4 விக்கெட். அணி மொத்தமாக எடுத்தது 211. அதில் 134 கிரினிட்ஜுடையது. பதிலுக்கு இங்கிலாந்து 71-க்குச் சுருண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் இன்னொரு 101. இரண்டு அணிகளின் முதல் இன்னிங்ஸையும் ஒன்றாகப் பார்த்தால் ஆடுகளம் எப்படி இருந்தது என்பது புரியும். அந்த 134-ஐ அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

1984, லார்ட்ஸ், ஐந்தாம் நாள். இங்கிலாந்து டிக்ளேர் செய்து 342 இலக்கு வைத்தது. ஹெய்ன்ஸ் 17-இல் ரன் அவுட். பிறகு ஒரு விக்கெட்கூட விழவில்லை. 66.1 ஓவரில் ஆட்டம் முடிந்தது. கிரினிட்ஜ் 242 பந்தில் 214 நாட் அவுட், 29 பவுண்டரி, 2 சிக்ஸர். மறுமுனையில் லாரி கோம்ஸ் 92.

பார்படோஸில் பிறந்து, 14 வயதில் இங்கிலாந்து போய், ஹாம்ப்ஷயரில் பாரி ரிச்சர்ட்ஸுடன் தொடக்கம் ஆடி வளர்ந்தவர். தடுப்பாட்டம் இங்கிலாந்தின் ஈர ஆடுகளத்தில் கற்றது, அடி கரீபியனுடையது. முன்காலைத் தூக்கி ஒற்றைக்காலில் சுழன்று அடிக்கும் ஹூக்கை எல்லோரும் பேசுவார்கள். ஆனால் பந்து வீச்சாளர்களைக் கொன்றது ஸ்கொயர் கட்தான். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அரையடி இடம் கொடுத்தால் போதும், பாயிண்டில் நிற்பவர் திரும்பி ஓடுவார். நொண்டிக்கொண்டு இறங்கினால் அன்று கூடுதல் ஆபத்து என்பது எதிரணிகளுக்குத் தெரிந்த விஷயம்.

குறையும் சொல்லிவிடுவோம். ஆஸ்திரேலியாவில் அவருக்கு வெகுநாள் சரிவரவில்லை. அங்கே டெஸ்ட் சதம் வந்தது 1989-இல், அடிலெய்டில், 104.

கிரினிட்ஜ் வந்துவிட்டால் ஹெய்ன்ஸும் கூடவே வரவேண்டாமா? அவர்கள் ஜோடியாயிற்றே.

இந்தப் பக்கத்தின் நிஜமான கேள்வி இதுதான். டெஸ்டில் அவர்கள் 148 முறை சேர்ந்து இறங்கினார்கள். 6482 ஓட்டம், கூட்டணிச் சராசரி 47.31, 16 சதக் கூட்டணி. 1990-இல் செயின்ட் ஜான்ஸில் இங்கிலாந்துக்கு எதிராக 298. 1983-இல் அதே மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 296. 1984-இல் ஜார்ஜ்டவுனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக விக்கெட் இழக்காமல் 250. இருவரும் பார்படோஸ்காரர்கள். கண்ணசைவில் ஒற்றை ஓடும் பழக்கம் பதிமூன்று ஆண்டில் வந்தது.

எனவே ஜோடியை ஒரே அலகாக எடுத்துக்கொள்வது உங்கள் விதி என்றால், கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது. கிரினிட்ஜ், ஹெய்ன்ஸ். தவறே கிடையாது.

ஆனால் எல்லாக் காலத்து அணியில் மற்ற ஒன்பது இடங்களுக்கும் தனித்தனி ஆளைத்தான் எடுக்கிறோம். ஹெட்லியும் ரிச்சர்ட்ஸும் சேர்ந்து ஆடியதே இல்லை, அதற்காக யாரும் அவர்களை ஒதுக்குவதில்லை. தொடக்க இடத்துக்கு மட்டும் தனி விதி வைத்தால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கூட்டணிச் சராசரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ரேயும் ஸ்டோல்மேயரும் 21 முறை இறங்கி 71 சராசரி வைத்திருக்கிறார்கள். ஜோடிதான் முக்கியம் என்றால் அவர்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தனி ஆளாக ஹெய்ன்ஸ் எப்படி?

பலர் நினைப்பதைவிட மேல். கிரினிட்ஜின் நிழலில் நின்றவர் என்ற பெயர் அவருக்கு நியாயமல்ல.

1980, டனிடின். ரிச்சர்ட் ஹாட்லி 11 விக்கெட் எடுத்த டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் 140, 212. இரண்டு இன்னிங்ஸிலும் முதலில் இறங்கி கடைசியாக ஆட்டமிழந்தவர் ஹெய்ன்ஸ்: 55, 105. நியூசிலாந்து ஒரே விக்கெட்டில்தான் தப்பியது.

1989, சிட்னி. பந்து திரும்புகிற ஆடுகளம். பகுதிநேரச் சுழல் வீசும் ஆலன் பார்டரே 11 விக்கெட் அள்ளினார். ஹெய்ன்ஸ் 75, 143.

அப்புறம் அந்த மூன்று நாட் அவுட். தொடக்கத்தில் இறங்கி, பத்து விக்கெட்டும் விழுந்த பிறகும் ஆட்டமிழக்காமல் நின்றது: 1986-இல் கராச்சியில் 88, 1991-இல் ஓவலில் 75, 1993-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 143. இரண்டு முறை இம்ரான், வாசிம் வகை வேகத்துக்கு எதிராக. இது ஓட்டத்தை ஊதிப் பெருக்கும் நாட் அவுட் இல்லை, அணியைத் தூக்கி நிறுத்தியது.

எதிர்த்தரப்பில் ஒன்று இருக்கிறது. 18 சதங்களை நாடுவாரியாகப் பிரித்தால் 10 கரீபியனில், மற்றவை இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தானில். இந்திய மண்ணில் ஒன்றுகூட இல்லை. 1983-இல் மும்பையில் பந்தைக் கையால் தடுத்ததற்காக அவுட் கொடுக்கப்பட்டதுதான் இந்தியப் பயணங்களில் அவரைப் பற்றி அதிகம் நினைவிருப்பது.

கான்ராட் ஹண்டை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவரை எதற்கு இழுக்கிறீர்கள்?

தெரியாததே காரணம். அவர் ஆட்டத்தின் காணொளி அதிகம் கிடையாது, அதனால் பட்டியலில் பின்னுக்குப் போய்விடுகிறார். ஸ்கோர் கார்டை எடுத்து வைத்துப் பாருங்கள்.

1958, பிரிட்ஜ்டவுன், பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுக டெஸ்டிலேயே 142. அதே தொடரில் கிங்ஸ்டனில் 260. அந்த டெஸ்டை உலகம் நினைவில் வைத்திருப்பது சோபர்ஸின் 365-க்காக. இரண்டாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 446. ஹண்ட் ரன் அவுட் ஆனார். இல்லையென்றால் கதை எப்படிப் போயிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

பிறகு அவர் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். அடித்து ஆடிக்கொண்டிருந்தவர், பின்னால் கன்ஹாய், புட்சர், சோபர்ஸ் இருக்கிறார்கள் என்று தெரிந்து, நின்று ஆடத் தொடங்கினார். இதுதான் எங்களை அவர் பக்கம் சாய்க்கிறது. நாம் கட்டும் அணியில் பின்னால் இருப்பவர்கள் ஹெட்லி, ரிச்சர்ட்ஸ், லாரா, சோபர்ஸ். ஹண்ட் தன் வாழ்நாளில் செய்த வேலையும் இந்த அணியில் செய்ய வேண்டிய வேலையும் ஒன்றே.

1963 இங்கிலாந்துப் பயணம் அதற்கு நல்ல மாதிரி. ஆடுகளம் மழையில் நனைந்தால் நனைந்தபடியே ஆடிய காலம். எதிரே ட்ரூமன், ஸ்டேத்தம். ஓல்ட் டிராஃபோர்டில் முதல் டெஸ்டில் 182, வெஸ்ட் இண்டீஸ் 10 விக்கெட் வெற்றி. கடைசி டெஸ்டில் ஓவலில் 253 இலக்கு. ஹண்ட் 108 நாட் அவுட், தொடர் 3-1. ஹெல்மெட் கிடையாது.

8 சதங்களில் 3 கரீபியனில், 3 இங்கிலாந்தில், மெல்போர்னில் ஒன்று, மும்பையில் ஒன்று. 1965-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக போர்ட் ஆஃப் ஸ்பெயினில் மற்ற பத்துப் பேரும் போன பிறகு 60 நாட் அவுட். இத்தனையும் நிலையான ஜோடி இல்லாமல். கன்ஹாய், மெக்மோரிஸ், கேரூ, பிரையன் டேவிஸ் என்று மறுமுனை ஆள் மாறிக்கொண்டே இருந்தார். ஹெய்ன்ஸுக்கு ஒரு கிரினிட்ஜ் கிடைத்தார். ஹண்டுக்கு யாரும் கிடைக்கவில்லை.

கூடுதலாக ஒன்று: 1960-இல் பிரிஸ்பேனில் சமனில் (டை) முடிந்த டெஸ்டில், ஸ்கோர் சமமாக இருந்தபோது எல்லைக்கோட்டிலிருந்து எறிந்து ஆஸ்திரேலியாவின் க்ரௌட்டை ரன் அவுட் ஆக்கியவர் ஹண்ட். கடைசி விக்கெட்டுக்கு ஜோ சாலமன் எறிந்ததை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முந்தையதைச் சொல்வதில்லை.

ஆக, உங்கள் முடிவு?

கிரினிட்ஜ், ஹண்ட். பயண அணியில் மூன்றாவது தொடக்க ஆட்டக்காரர் ஹெய்ன்ஸ். மேலே சொன்ன சோதனையில் ஹண்டின் சராசரி மூன்று ஓட்டம் இறங்கியதை மறைக்கவில்லை. 78 இன்னிங்ஸில் ஒரு 260 இருந்தால் இறங்கத்தான் செய்யும். இறங்கியும் ஹெய்ன்ஸைவிட மேலே நிற்கிறார். வித்தியாசம் நூலளவுதான். ஹெய்ன்ஸ் என்று யாராவது அடித்துச் சொன்னால் சண்டைக்குப் போகமாட்டோம்.

இடக்கை, வலக்கை ஜோடி வேண்டாமா? ஃபிரெடரிக்ஸ் எங்கே?

இடக்கை ஆள் ஒருவர் இருந்தால் பந்து வீச்சாளர் ஒவ்வொரு ஒற்றைக்கும் தன் திசையை மாற்ற வேண்டும், களத்தையும் புரட்டிப் போட வேண்டும். புதுப்பந்தில் அது பெரிய தொல்லை. 1976-இல் லீட்ஸில் ஃபிரெடரிக்ஸ் 109, கிரினிட்ஜ் 115, முதல் விக்கெட்டுக்கு 192. அந்த முதல் நாளில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர்கள் எங்கே போடுவது என்று தெரியாமல் தவித்ததை ஸ்கோர் கார்டே சொல்லும்.

கயானாவின் பெர்பீஸ் பகுதிக்காரர், உயரம் குறைவு. 1975 டிசம்பர் பெர்த் இன்னிங்ஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். உலகிலேயே வேகமான ஆடுகளம், லில்லியும் தாம்சனும் உச்சத்தில். கிரினிட்ஜை நீக்கிவிட்டு ஆல்ரவுண்டர் பெர்னார்ட் ஜூலியனைத் தொடக்கத்துக்கு அனுப்பிய டெஸ்ட் அது. லில்லியின் பவுன்சரை ஃபிரெடரிக்ஸ் தன் இரண்டாவது பந்திலேயே ஹூக் அடித்தார், சிக்ஸர். 71 பந்தில் சதம். 145 பந்தில் 169, அதில் 27 பவுண்டரி. அந்தத் தொடரை 5-1 என்று இழந்த அணி ஜெயித்த ஒரே டெஸ்ட் அது. ஜெயித்ததும் இன்னிங்ஸ் வெற்றி.

பிறகு ஏன் முதல் இரண்டு பேரில் இல்லை? 109 இன்னிங்ஸில் 8 சதம் என்பது குறைவு. மேலும் கிரினிட்ஜ் ஒரு முனையில் அடிக்கும்போது மறுமுனையிலும் அடிப்பவரை வைத்தால், இரண்டு பேரும் பத்து ஓவருக்குள் போகும் நாட்கள் கூடும். ஹெட்லி நான்காவது ஓவரில் இறங்க வேண்டி வரும். இடக்கைக்கு லாராவும் சோபர்ஸும் பின்னால் இருக்கவே இருக்கிறார்கள்.

ஆனாலும் 8 சதங்களில் 6 வெளிநாட்டில் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டு முச்சதம் அடித்த கெயிலை ஒதுக்குவதற்கு மனசு எப்படி வந்தது?

2005-இல் ஆன்டிகுவாவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 317, 2010-இல் காலி நகரில் இலங்கைக்கு எதிராக 333. டெஸ்டில் இரண்டு முச்சதம் அடித்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவர். 2009-இல் அடிலெய்டில் கடைசிவரை நின்று 165 நாட் அவுட். அதை அடுத்த பெர்த் டெஸ்டில் 70 பந்தில் சதம். இந்த இரண்டு இன்னிங்ஸையும் ஒரே ஆள் ஒரே மாதத்தில் ஆடினார் என்பதை நம்புவது கஷ்டம். பொறுமை இல்லாதவர் என்று அவரைச் சொல்கிறவர்கள் அடிலெய்டைப் பார்க்கவில்லை.

சிக்கல் அவரது ஆட்ட முறையில். முன்காலை அதிகம் நகர்த்தாமல், நின்ற இடத்திலிருந்து கண்ணையும் கையையும் நம்பி அடிப்பவர். பந்து நேராக வந்தால் எதிரணிக்கு நரகம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கடைசி நேரத்தில் அசைந்தால் ஸ்லிப்புக்குப் போகும். இந்தியாவில் டெஸ்ட் சதம் இல்லை. பலவீனமான அணியில் மொத்தச் சுமையையும் தூக்கினார் என்பது உண்மை, கிரினிட்ஜுக்குப் பின்னால் ரிச்சர்ட்ஸ் இருந்தார், லாரா ஓய்வு பெற்ற பிறகு கெயிலுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அந்தச் சலுகையைக் கொடுத்தும் நான்காவது இடம்தான்.

ஒருநாள் சாதனைகளை டெஸ்ட் கணக்கில் கலக்க வேண்டாம். கெயில் பற்றிய வாதத்தில் பாதி அப்படிக் கலந்ததால் வருவது.

கிரினிட்ஜும் ஹெய்ன்ஸும் உலகின் சிறந்த வேகப்பந்தைச் சந்திக்கவே இல்லை என்கிறார்களே?

பாதி சரி. ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல், அம்புரோஸ் எல்லோரும் அவர்கள் அணியிலேயே இருந்தார்கள். மற்ற நாட்டுத் தொடக்க ஆட்டக்காரர்கள் பட்ட பாடு இவர்களுக்கு டெஸ்டில் இல்லை. தீவுகளுக்கு இடையிலான ஆட்டங்களில் ஹோல்டிங்கின் ஜமைக்காவையும் ராபர்ட்ஸின் லீவர்ட் தீவுகளையும் பார்படோஸுக்காகச் சந்தித்தார்கள் என்றாலும், மார்ஷலும் கார்னரும் அங்கேயும் பார்படோஸ் பக்கம்தான்.

மறுபாதி: லில்லி, தாம்சன், ஹாட்லி, இம்ரான், வாசிம், கபில்தேவ், போத்தம் எல்லாம் சாதாரண ஆட்களா? ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் என்ற கட்டுப்பாடு 1991-இல்தான் வந்தது. அதுவரை அவர்கள் ஆடியது வரம்பில்லாத பவுன்சர்களை. இன்னொன்று, 1977 முதல் 1979 வரை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் தனியாக நடத்திய ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் எதுவும் டெஸ்ட் கணக்கில் சேராது. அங்கே பந்து வீச்சு மிகக் கடுமையாக இருந்தது.

ஹெட்லி, வொரல், ரோவ் போன்றவர்களைத் தொடக்கத்துக்கு ஏற்றிவிட்டால் நடுவில் வீக்ஸுக்கு இடம் கிடைக்குமே?

கிடைக்கும். ஆனால் அது ஏமாற்று வேலை. மூன்றாவதில் ஆடுவதும் முதல் பந்தைச் சந்திப்பதும் ஒன்றல்ல. ஃபீல்டிங் முடிந்து பத்து நிமிடத்தில் காப்புகளைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், பந்து புதிது, ஆடுகளம் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. நடுவரிசை ஆளுக்கு அது பழக்கமில்லை.

வொரல் ஒரு விதிவிலக்கு. 1957-இல் டிரென்ட் பிரிட்ஜில் தொடக்கத்தில் இறங்கி, அணி முழுதும் ஆட்டமிழந்த பிறகும் 191 நாட் அவுட். வெஸ்ட் இண்டீஸுக்காக டெஸ்டில் அதைச் செய்த முதல் ஆள் அவரே. லாரன்ஸ் ரோவ் 1974-இல் பிரிட்ஜ்டவுனில் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்த 302-உம் தொடக்கத்தில் இறங்கி எடுத்தது. இருவரையும் தொடக்கத்துக்கான இருப்பு ஆளாக வைக்கலாம். முதல் தேர்வாக வேண்டாம்.

90-களுக்குப் பிறகு யாருமே இல்லையா?

இருந்தார்கள், நிலைக்கவில்லை. ஷெர்வின் கேம்பெல் நல்ல ஆட்டக்காரர், 52 டெஸ்டில் சராசரி 32.38. 1999-இல் ஹாமில்டனில் அவரும் ஏட்ரியன் கிரிஃபித்தும் முதல் விக்கெட்டுக்கு 276 சேர்த்தார்கள். அணி 365-க்கு ஆல் அவுட், அடுத்த இன்னிங்ஸில் 97, ஆட்டம் 9 விக்கெட்டில் போய்விட்டது. அந்தக் காலத்து வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கிரெய்க் பிராத்வைட்டுக்குத் தனி மரியாதை. 2016-இல் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிராக 142 நாட் அவுட், 60 நாட் அவுட். ஒரு டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் ஆட்டமிழக்காத முதல் தொடக்க ஆட்டக்காரர். 2023-இல் புலவாயோவில் தேஜ்நரைன் சந்தர்பாலுடன் 336 சேர்த்து, கிரினிட்ஜ், ஹெய்ன்ஸின் 298-ஐத் தாண்டியதும் அவரே. சராசரி 30-களின் தொடக்கத்தில் நிற்பதால் இந்த வரிசையில் வரவில்லை.

ஒருநாள், டி20 அணிக்கு?

ஒருநாளுக்கு ஹெய்ன்ஸ் முதலில். 1978-இல் அறிமுக ஆட்டத்திலேயே 148. மொத்தம் 238 ஆட்டம், 8648 ஓட்டம், 17 சதம். கூட கெயில்: 25 சதம், 2015 உலகக் கோப்பையில் 215. கிரினிட்ஜை வெளியே வைப்பது வலிக்கிறது, சராசரி 45.03 அல்லவா. டி20-க்கு கெயில், எவின் லூயிஸ்.

பெண்கள் அணிக்கு யோசிக்கவே வேண்டாம். ஹேலி மேத்யூஸ், ஸ்டெஃபனி டெய்லர். 2016 டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கொல்கத்தாவில் 149 இலக்கைத் துரத்தி முதல் விக்கெட்டுக்கு 120 சேர்த்த ஜோடி.

ஆட்டம் சேப்பாக்கத்தில் என்றால் இதே ஜோடிதானா?

மாற்றுவோம். சுழலும் மண்ணில் முதல் ஒரு மணி நேரத்தில் ஓட்டம் சேர்ப்பதற்குத் தனி மதிப்பு உண்டு. பந்து தேய்ந்த பிறகு எல்லோருக்கும் கஷ்டம். கிரினிட்ஜுக்கு இந்தியாவில் பெங்களூரில் 107, 1983-இல் கான்பூரில் 194. ஃபிரெடரிக்ஸ் 1974-75 பயணத்தில் கொல்கத்தாவிலும் மும்பையிலும் சதம் அடித்தவர். இந்த ஜோடியே இங்கே பொருந்தும், ஹண்ட் வெளியே உட்காரட்டும்.

சேப்பாக்கத்துக்கென்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 1949 ஜனவரியில் இங்கே ரே 109, ஸ்டோல்மேயர் 160, முதல் விக்கெட்டுக்கு 239. இடக்கையும் வலக்கையும். வெஸ்ட் இண்டீஸ் 582 எடுத்து, இன்னிங்ஸ் மற்றும் 193 ஓட்டத்தில் ஜெயித்தது.